யாழை அளந்து மீட்ட அடிகள்

வாணியம்பாடியில் தோலைப் பற்றி ஒருவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகத் தோல் ஷாப்புகளில் உழைத்துவரும் குடும்பங்களில் பிறந்த ஒரு சிறுவனுக்குக்கூட, உப்பிட்டு வந்த பச்சைத்தோல் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிர் கழன்று, இழுத்துக் கட்டிக் காயவைக்கப்படும்போது எவ்விதம் விறைத்து இறுகும் என்பது தெரியும்; ஈரத்தில் இசைந்து கொடுக்கும் அதே தோல் உலர்ந்தபின் விரலால் தட்டினால் கணீரென்று ஓசை தரும் என்பதும் தெரியும். ஆகையால், பத்துப்பாட்டில் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில் யாழ் என்னும் பழைய வாத்தியத்தின் உறுப்புகளைப் புலவர் ஒவ்வொன்றாக வருணித்துக்கொண்டு போகும் இடத்தை எடுத்து வாசித்தால், பெரிய பட்டணத்துப் பண்டிதரைக் காட்டிலும் இவ்வூர்க்காரருக்கு அது சீக்கிரம் விளங்கும். மானின் குளம்பு பதிந்த சுவட்டைப்போல நடுவில் உயர்ந்து இரு பக்கமும் தாழ்ந்த பத்தர் என்ற மரக்குடம், அந்தக் குடத்தின் மேல் இழுத்துப் போர்த்துத் தைக்கப்பட்ட தோல், குடத்தின் துளைகளை மூடிய நண்டின் கண் போன்ற ஆணிகள், வளைந்து எழும் கரிய கோடு, அதில் வரிசையாகக் கட்டிய நரம்புகள் என்று, செய்பவனுடைய கைவேலை அப்பகுதியில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

இந்த வருணனையை நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகப் புலவர்கள் வாசித்தார்கள், உரை சொன்னார்கள், உவமையின் நயத்தை வியந்து தலையசைத்தார்கள். அதை ஒரு தச்சன் தன் எதிரே வைக்கப்பட்ட வரைபடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து, அளவுகோலும் கணக்குப் புத்தகமும் கையில் கொண்டு, 'இதைச் செய்தால் எப்படி ஒலிக்கும்?' என்று கேட்டவர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவர் ஸ்வாமி விபுலானந்தர். இராமகிருஷ்ண சங்கத்துச் சந்நியாசி; மாணவர்கள் தங்கிப் படிக்கும் இல்லங்களையும் வித்தியாலயங்களையும் நிறுவி நடத்திய தலைவர்; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர்; 'யாழ் நூல்' என்ற இசைத்தமிழ்ப் பெருநூலின் ஆசிரியர். அவர் மேடையேறிக் கச்சேரி செய்த வித்துவான் அல்லர். ஆயினும் மறைந்துபோன ஒரு வாத்தியத்தின் சுரஸ்தானங்களைக் கணக்கினால் கண்டுபிடித்து, அதை மறுபடியும் மரத்திலும் நரம்பிலும் உருவாக்கிக் காட்டியவரைச் சங்கீத ஞானி என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவு என்றொரு கிராமம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் நெல்வயல். வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர் என்று முஸ்லிம் ஊர்கள். தமிழ் இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில், ஒரே பாஷையைப் பேசிக்கொண்டு, ஒரே வாய்க்கால் நீரில் வேளாண்மை செய்துகொண்டு வாழும் அந்தக் கரையோரம், பள்ளிவாசலும் கோயிலும் அருகருகே நிற்கும் வாணியம்பாடியில் வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. அங்கே 1892-ஆம் ஆண்டில் சாமித்தம்பி என்பவருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்த குழந்தைக்கு மயில்வாகனம் என்று பெயரிட்டார்கள். அதே 1892-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். பிற்காலத்தில் எந்த நூலின் ஒரு காதைக்குள் புகுந்து தம் வாழ்நாளின் சாரத்தைச் செலவிடப் போகிறாரோ அந்த நூலும், அவரும் ஒரே ஆண்டில் வெளியுலகத்தைக் கண்டார்கள் என்பதை நினைக்க எனக்கு எப்போதும் ஓர் ஆனந்தம் உண்டு.

மயில்வாகனத்தின் படிப்பு இரண்டு தடங்களில் ஓடிற்று. கல்முனையில் மெதடிஸ்த சபையார் பள்ளிக்கூடத்திலும் மட்டக்களப்பில் இயேசு சபைக் குருமார் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் பயின்றார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பின் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டமும் பெற்றார். அதே காலத்தில் தமிழை முறையாகப் பாடங்கேட்டு, 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். 1920-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம். ஒரு கையில் சோதனைக் குழாயும் மறு கையில் ஏட்டுச்சுவடியுமாக வளர்ந்த மனிதர் அவர். அந்த இரண்டையும் ஒருபோதும் கீழே வைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்து, 1920-இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையை ஏற்றார். உத்தியோகமும் மதிப்பும் கைகூடி, ஊரார் கண்ணில் ஒரு மனிதன் 'நிலைத்துவிட்டான்' என்று தோன்றும் அந்த வேளையில், 1922-இல் அனைத்தையும் விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூர் ஸ்ரீராமகிருஷ்ண மடத்தில் பிரமசாரியாகச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்ற பெயருடன் 'ஸ்ரீராமகிருஷ்ண விஜயம்' என்ற தமிழ்ப் பத்திரிகைக்கும் 'வேதாந்த கேசரி' என்ற ஆங்கிலப் பத்திரிகைக்கும் ஆசிரியப் பணி செய்தார். 1924-இல், பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் நேர்ச் சீடராகிய ஸ்வாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலானந்தர் ஆனார்.

மயிலாப்பூரில் அவர் கழித்த ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பத்திரிகைப் பணியைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ அங்கே மடத்தின் ஆதரவில் ஏற்கெனவே தழைத்திருந்த மாணவர் இல்லம் கண்முன் நிற்கிறது. வறிய குடும்பத்துப் பிள்ளைகள் தங்கி உண்டு படிப்பதற்காக 1905-இல் ராமஸ்வாமி ஐயங்கார் தொடங்கிய அந்த இல்லத்தில் அவருக்குத் துணையாகவும் பின்னர் பொறுப்பாளராகவும் இருந்தவர், எல்லாரும் 'அண்ணா' என்று அழைத்த சி. ராமானுஜாசாரியார். அவர் தியாகையர் கீர்த்தனைகளில் ஊறியவர்; அக்கீர்த்தனைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, டாக்டர் வே. ராகவனின் ஆராய்ச்சி முன்னுரையுடன் வெளிவந்த பெரிய நூலுக்கு உரியவர். பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் ஒழுக்கமும் தரும் ஓர் இல்லத்தின் பொறுப்பாளர், சங்கீதத்தில் முழுகிய மனிதராகவும் இருப்பது விந்தையன்று. நூறு பிள்ளைகள் ஒருமித்து வாழும் இடத்தில் அதிகாலைப் பிரார்த்தனையும் அந்திப் பஜனையும் அட்டவணையில் ஒரு வரியாகவா இருக்கும்? இல்லத்தின் மூச்சே அதுதான்.

1925-இல் விபுலானந்தர் இலங்கைக்குத் திரும்பியபோது, இராமகிருஷ்ண மிஷனின் பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலுமாகப் பரவிய அந்தப் பள்ளிகளுக்கிடையே ஓயாது பயணம் செய்துகொண்டே, 1929-இல் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையிலுள்ள கல்லடி உப்போடையில், தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அங்கே மாணவர் இல்லமும் உருவாயிற்று. திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் அவர் இருந்திருக்கிறார்.

விடுதியுடன் கூடிய கல்விச்சாலையின் தலைமை என்பது என்ன என்பதை, அதில் இருந்து பார்த்தவர்களே அறிவார்கள். 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றிய நாள் முதலாக, அயலூர்களிலிருந்து வந்து தங்கிப் படித்த பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு அது புரியும். பகல் பள்ளியின் தலைமையாசிரியருக்கு மாலை மணியடித்ததும் கடமை முடிந்துவிடும். இல்லத் தலைவருக்கோ அதன் பிறகே தொடங்கும். ஒரு பையனுக்கு இரவில் சுரம் கண்டால் விழித்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் அரிசி குறைந்தால் யாரிடமாவது போய்ச் சொல்லவேண்டும். அழுகிற பிள்ளையின் அழுகைக்குக் காரணம் பசியா, வீட்டு நினைவா என்று முகத்தைப் பார்த்தே அறிய வேண்டும். நுண்ணிய பேதத்தைக் காதினாலும் கண்ணினாலும் பிரித்தறிந்து, ஒவ்வொன்றையும் அதனதன் ஸ்தானத்தில் நிறுத்தும் பொறுமை அங்கே பழகுகிறது. யாழ் நூலின் பக்கங்களில் நான் காண்பதும் அதே பொறுமையைத்தான். இல்லத்தை நடத்தியவர் வேறு, நரம்பை அளந்தவர் வேறு என்று இரண்டாகப் பிரித்து அவரைப் புகழ்கிறவர்கள் பாதி மனிதரையே கண்டவர்கள் என்பது என் துணிவு.

வாணியம்பாடியிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சற்றுத் தூரத்திலேயே நாட்றம்பள்ளி. அங்கே தமிழ்நாட்டின் பழைய ஸ்ரீராமகிருஷ்ண மடங்களுள் ஒன்று இருக்கிறது. அதன் வழியே போகிற எத்தனையோ பேர், அந்தச் சங்கத்தின் காவியுடுத்த ஒருவர்தாம் தமிழின் இசைக்கணக்கை மீட்டுத் தந்தவர் என்பதை அறியாமலே கடந்து போகிறார்கள்.

கல்லடியைச் சொன்னால் வாவியைச் சொல்லாமல் இருக்க முடியாது. மட்டக்களப்பு வாவியில், நிலாக் காலத்து இரவுகளில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டால், ஆழத்திலிருந்து மெல்லிய நாதம் எழுவதைக் கேட்கலாம் என்று அவ்வூரார் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். 'பாடும் மீன்கள்' என்று அதற்குப் பெயர். அவ்வொலிக்குக் காரணம் மீனா, சிப்பியா என்பதைப் பற்றிப் பல அபிப்பிராயங்கள் உண்டு. விபுலானந்தர் இதைப் பற்றி 'நீரர மகளிர்' என்ற அழகிய கவிதையே பாடினார். வாவியின் அடியில் வாழும் நீர்த்தேவதைகள் சுரங்களை இசைப்பதாக அதில் கற்பனை செய்தார். விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் தேவதைகளைப் பாடுவதா என்று ஒருவர் கேட்கக்கூடும். ஆனால் கவனித்துப் பாருங்கள்: அவருடைய கற்பனையிலும் அந்தத் தேவதைகள் ஏதோ இனிமையாகப் பாடிவிட்டுப் போகவில்லை, ஏழு சுரங்களும் இன்ன இன்ன என்று பிரித்தறியும்படியே பாடுகின்றன.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரத்துக்கு வந்தார். ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் இரண்டே ஆண்டுகளுக்கு முன் நிறுவியிருந்த அப்பல்கலைக்கழகம், மாணவரும் ஆசிரியரும் வளாகத்திலேயே தங்கி வாழும் முறையில் அமைந்தது. அங்கே தமிழோடு இசைக்கும் தனியிடம் இருந்தது. பாரதியாரின் பாடல்களைப் பண்டிதர் பலர் இலக்கியமாக மதிக்கத் தயங்கிய அந்த நாட்களில், அவற்றை மாணவர்களிடையே மனமுவந்து எடுத்துப் பேசியவர் இவர். பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதிக்கு மாலை நேரங்களில் நடந்துபோய், இரவுப் பள்ளி நடத்திப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். இதை அவருடைய வாழ்க்கையின் ஓரத்துச் சம்பவமாகச் சொல்லிப் போவது சரியன்று. பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், பகலில் சிலப்பதிகாரம் சொன்ன அதே வாயினால், இரவில் சேரிப் பிள்ளைக்கு 'அ', 'ஆ' சொல்லிக் கொடுத்தார் என்றால், தமிழ் யாருக்கு உரியது என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை என்று பொருள்.

இரண்டு ஆண்டுகளில் அப்பதவியை விட்டார். 1936-இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்து, விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிப்பதற்கான கலைச்சொற்களை உருவாக்கும் முயற்சிக்குத் துணை நின்றார். 1937-இல் கைலாச யாத்திரை. 1939 முதல் 1941 வரை, இமயமலையில் மாயாவதி அத்வைத ஆசிரமத்தில் தங்கி, 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியர். இத்தனைக்கும் நடுவே, ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அவருடன் பயணம் செய்துகொண்டே இருந்த வேலை ஒன்று உண்டு.

யாழ் நூலாக முடிந்த அந்த வேலைக்குத் தோற்றுவாய் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி அரங்கேறும் மேடையின் நீளம், அகலம், உயரம் முதலாக, ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணம் வரையில் இளங்கோவடிகள் அந்தக் காதையில் சொல்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் உரையெழுதிய அடியார்க்குநல்லார், தம் காலத்திலேயே அழிந்துகொண்டிருந்த இசைநூல்களிலிருந்து சூத்திரங்களை எடுத்துக் காட்டி விளக்க முயல்கிறார். அவர் காட்டிய நூல்களிற் பல இன்று இல்லை; நமக்கு எஞ்சியிருப்பவை அவர் எடுத்தாண்ட துண்டுகளே. கிடைத்த துண்டுகளைக் கொண்டு முழு வீட்டையும் ஊகிக்க வேண்டும்.

விபுலானந்தருக்கு முன் இந்தப் பணியில் இறங்கியவர்களுள் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை மறப்பது பெரும் பாவம். வைத்தியராக இருந்து ஈட்டிய பொருளைச் சங்கீத மாநாடுகளுக்குச் செலவிட்டு, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் நூலை வெளியிட்ட அம்மகான், ஒரு ஸ்தாயியில் சுருதிகள் இருபத்துநான்கு என்று வாதித்தார். விபுலானந்தர் இருபத்திரண்டு என்ற கணக்கை ஏற்றார். இருவரும் சிலப்பதிகாரத்தையே ஆதாரமாகக் கொண்டவர்கள். இருவரும் கணிதத்தைத் துணைக்கு அழைத்தவர்கள். சண்டை எண்ணைப் பற்றியது. எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதில் இருவருக்கும் பேதமில்லை.

அந்த எண்ணிக்கையைச் சாதாரண வாசகரும் தம் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். 36 அங்குல நீளமுள்ள ஒரு தந்தியை இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டி மீட்டினால் எழும் ஒலியைக் குரல் என்று கொள்ளுங்கள். இன்றைய பேச்சில் அது ஸட்ஜம். தந்தியை நடுவில், 18 அங்குலத்தில் நிறுத்தி மீட்டினால் அதே குரல் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். 24 அங்குலத்தில் நிறுத்தினால் இளி, அதாவது பஞ்சமம். 27 அங்குலத்தில் உழை, மத்தியமம். இந்த உழைக்கும் இளிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: 27-க்கு 24, அதாவது ஒன்பதுக்கு எட்டு. இதுவே பழைய நூல்கள் நான்கு அலகு, அதாவது நான்கு சுருதி, என்று சொல்லும் இடைவெளி. பத்துக்கு ஒன்பது என்ற விகிதம் மூன்று அலகு. பதினாறுக்குப் பதினைந்து இரண்டு அலகு. குரல் நான்கு, துத்தம் நான்கு, கைக்கிளை மூன்று, உழை இரண்டு, இளி நான்கு, விளரி மூன்று, தாரம் இரண்டு என்று ஏழு நரம்புக்கும் முன்னோர் அலகு வகுத்திருக்கிறார்கள்; கூட்டினால் இருபத்திரண்டு. மூன்று நான்கலகையும் இரண்டு மூன்றலகையும் இரண்டு இரண்டலகையும் அவற்றின் விகிதங்களால் ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள்: துளியும் கூடாமல் குறையாமல் இரண்டு என்றே விடை வரும். தந்தியைச் சரிபாதியாக்கினால் வரும் மேல் ஸ்தாயியின் விகிதமும் அந்த இரண்டே. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அளவுக் கருவிகளும் கணக்குச் சூத்திரங்களும் இல்லாத காலத்தில், காதினால் மட்டும் தேர்ந்து இவ்வலகுகளை நிறுத்திய அந்தப் பாணர்கள் எப்பேர்ப்பட்டவர்கள்!

ஆனால் கணக்கு இவ்வளவு சுலபத்தில் முடிவதில்லை. குரலிலிருந்து இளி, அந்த இளியின் இளி என்று பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால், ஏழு ஸ்தாயிக்கு மேல் குரலுக்கே வந்து சேரவேண்டும். வந்து சேருகிறதா என்றால், ஒரு மயிரிழை தாண்டிப் போய்விடுகிறது. அந்த மயிரிழையை என்ன செய்வது என்பதே உலகத்து இசைவாணர்கள் அனைவரையும், கிரேக்கர் முதல் சீனர் வரை, அலைக்கழித்த பிரச்சினை. மேல்நாட்டார் பியானோவில் அதைப் பன்னிரண்டு கட்டைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்து, எல்லாச் சுரத்தையும் இம்மியளவு பிசகவிட்டுச் சமாதானம் அடைந்தார்கள். தமிழர் அந்தப் பேதத்தை மறைக்காமல் அலகுகளின் ஏற்றத்தாழ்வாகவே வைத்துக்கொண்டு, குரலை நரம்புக்கு நரம்பு மாற்றி வைத்துப் புதுப்புதுப் பாலைகளை, அதாவது சுர வரிசைகளை, பிறப்பித்தார்கள். செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழு. இன்றைய சங்கீத வித்துவான்கள் கிரகபேதம் என்று செய்து காட்டிக் கைதட்டல் பெறுவது இந்தப் பாலைத் திரிபையே.

யாழின் வகைகளையும் உரையாசிரியர் சொல்லியிருக்கிறார்: பேரியாழுக்கு நரம்பு இருபத்தொன்று, மகரயாழுக்குப் பத்தொன்பது, சகோடயாழுக்குப் பதினான்கு, செங்கோட்டியாழுக்கு ஏழு. இவற்றுக்கெல்லாம் மூதாதையாக வில்யாழ். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன், ஆநிரை மேய்க்கும் காட்டிலேயே, உட்டுளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கிக் கட்டி, தானே ஒரு வில்யாழ் செய்து வாசிக்கிறான். வேட்டைக்காரனின் வில்லில் நாண் அதிர்ந்த ஒலியே இசைக்கருவிக்கு வித்தாயிற்று என்பதற்கு அந்த இடையன் ஒரு ஜீவனுள்ள சாட்சி.

யாழ் ஏன் மறைந்தது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. யாழில் மெட்டுகள் இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். ஆகவே எத்தனை சுரம் வேண்டுமோ அத்தனை நரம்பு கட்ட வேண்டும். பண் மாறினால் நரம்பைத் திரும்பக் கூட்ட வேண்டும். வீணையிலோ ஒரே தந்தியில் விரலை மேலும் கீழும் ஓட்டலாம். மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கலாம். கமகமே ராகத்தின் உயிர் என்று நம் சங்கீதம் வளர்ந்தபோது, ஒவ்வொரு சுரத்தையும் தெளிந்த தனிமணியாகத் தரும் யாழ் பின்தங்கிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டுத் தஞ்சையில் இருபத்துநான்கு மெட்டுகளுடன் வீணை நிலைபெற்றுவிட்ட பிறகு, யாழை நினைத்துப் பார்க்கவும் ஆள் இல்லை. சொல் மட்டும் யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயரிலும் தேவாரம் பாடிய ஞானசம்பந்தரோடு சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சரித்திரத்திலும் தங்கி நின்றது.

விபுலானந்தர் யாழை மீட்க முனைந்தபோது, புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கவில்லை. தாம் கண்ட அளவுகளின்படி கருவிகளைச் செய்வித்தார். முளரி யாழ், சுருதி வீணை, பாரிஜாத வீணை, சதுர்தண்டி வீணை என்று அவர் கணக்கிட்டு அமைத்தவற்றின் பெயர்களே, சங்க நூல்களோடு அஹோபலரின் 'சங்கீத பாரிஜாத'த்தையும் வேங்கடமகியின் 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யையும் நினைவூட்டுகின்றன. தமிழ் நூலென்றும் ஸம்ஸ்கிருத நூலென்றும் வேலி போட்டுக்கொண்டு வாழ்ந்தவர் அல்லர். நாதத்தைப் பற்றி எவர் எந்தப் பாஷையில் அளந்து சொல்லியிருந்தாலும் அதைத் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

1943-இல், புதிதாகத் தோன்றியிருந்த இலங்கைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. உடல் தளர்ந்துகொண்டே வந்தது; நூலோ நிறைவை நெருங்கிக்கொண்டிருந்தது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக அமைந்த அந்நூலைப் பதிப்பிக்கத் தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் முன்வந்தது.

அரங்கேற்றத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம் திருக்கொள்ளம்பூதூர். ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடக்காரர் ஓடத்தை விட்டுப் போய்விட்ட வேளையில், ஞானசம்பந்தர் பதிகம் பாடிக்கொண்டே ஓடத்தைச் செலுத்தி அக்கரை சேர்ந்தார் என்று சொல்லப்படும் தலம் அது. பாட்டே துடுப்பாயிற்று என்று பக்தர்கள் போற்றும் தலம். அங்கே 1947 ஜூன் 5-ஆம் தேதி, பழைய முறையில் புலவர்கள் கூடிய அவையில், கோயிலின் முன்னிலையில், யாழ் நூல் அரங்கேறியது. அடிகள் கணக்கிட்டுச் செய்வித்த கருவிகளை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த வீணை வித்துவான் க. பொ. சிவானந்தம் அவர்கள் யாழை மீட்டினார். எத்தனையோ நூற்றாண்டுகளாகச் சொல்லாக மட்டும் இருந்த ஒன்று, அன்று அந்த மண்டபத்தில் கூடியிருந்தோர் காதில் விழுந்தது. நோயால் மெலிந்திருந்த அடிகள் அதைத் தாமும் இருந்து கேட்டார். அரங்கேற்று காதையில் மாதவி ஏறிய மேடையை அத்தனை ஆண்டுகள் ஆராய்ந்தவர், தம் நூலுக்கும் ஓர் அரங்கேற்றம் கண்டுவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அதன் பிறகு அவர் உயிர் வாழ்ந்தது ஆறு வாரங்களே. 1947 ஜூலை 19-ஆம் தேதி கொழும்பில் சமாதியடைந்தார். திருமேனியைக் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவந்து, அவர் கட்டி வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். இறைவனுக்கு உகந்த மலர் எது என்று பூக்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, உள்ளமே அம்மலர் என்று விடை சொல்லும் அவருடைய பாட்டை இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதே கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்வாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், இசையும் நடனமும் நாடகமும் கற்பித்து வருகிறது.

தமிழ்நாட்டில் அவருக்கு நாம் செய்தது குறைவு என்றே சொல்ல வேண்டும். மேடைகளில் 'முத்தமிழ் வித்தகர்' என்று பட்டம் சொல்லிக் கும்பிடுகிறோம். யாழ் நூலைத் திறந்து பார்க்கும் தமிழாசிரியர் அரியர், பார்க்கும் இசையாசிரியர் அதனினும் அரியர். தமிழறிந்தவர் கணக்கைக் கண்டு மூடிவிடுகிறார். சங்கீதம் அறிந்தவர் சூத்திரத்தைக் கண்டு மூடிவிடுகிறார். நூல் கடினமானது என்பது மெய். ஆனால் இதைவிடக் கடினமான புத்தகங்களைப் பரீட்சைக்காக நம் பிள்ளைகள் உருப்போடுகிறார்களே! பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் அவருடைய முடிவுகளில் சிலவற்றை மறுத்திருக்கிறார்கள்; எந்தப் பாலை இன்றைய எந்த மேளத்துக்கு நேர் என்பதிலும், இருபத்திரண்டா இருபத்துநான்கா என்பதிலும் விவாதம் ஓயவில்லை. வீ. ப. கா. சுந்தரனார் தொகுத்த 'தமிழிசைக் கலைக்களஞ்சியம்' அவ்விவாதத்தை வெகுதூரம் முன்னே கொண்டு சென்றிருக்கிறது. மறுக்கத்தக்க அளவுக்குத் தெளிவாகக் கணக்கை எழுதி வைத்துவிட்டுப் போனவர் என்பதே அடிகளின் பெருமை. மழுப்பலாக எழுதியிருந்தால் மறுக்கவும் வழியிராது. அண்மைக் காலத்தில் சென்னையில் இளைஞர்கள் சிலர் மறுபடியும் மரத்தைக் குடைந்து யாழ் செய்யத் தொடங்கியிருப்பதைக் கேட்கும்போது, அந்தக் கணக்கு வீண் போகவில்லை என்று மனம் நிறைகிறது.

படிக்க விரும்பும் வாசகருக்கு ஒரு யோசனை. பாயிரவியலிலிருந்து தொடங்க வேண்டாம், அது கற்றோர்க்கானது. இரண்டாவதான யாழுறுப்பியலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தரும் கோடும் நரம்பும் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். தோல் வேலை அறிந்த பெரியவர் யாரேனும் வீட்டில் இருந்தால், பத்தரின் மேல் தோலைப் போர்த்திய முறையைச் சொல்லும் இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டி, எந்தத் தோல், எத்தனை மெல்லியதாகச் சீவியது, ஈரத்தில் கட்டினார்களா உலர்த்திக் கட்டினார்களா என்று கேளுங்கள்; உரையாசிரியர்கள் சொல்லாத விடை அவரிடம் கிடைக்கலாம். அடுத்து இசைநரம்பியலுக்கு வரும்போது ஒரு வீணையோ, அதுவும் இல்லையானால் ஒரு பலகையில் இழுத்துக் கட்டிய 36 அங்குலத் தந்தியோ அருகில் இருக்கட்டும். அடிகள் சொல்லும் ஒவ்வொரு விகிதத்தையும் தந்தியில் குறித்து, மீட்டி, காதால் ஒப்புக்கொண்ட பிறகே பக்கத்தைப் புரட்டுங்கள்.